பாகப்பட்டியலில் ஒரு வம்சம்



அமெரிக்காவில் வம்சாவளி தேடுகிறவர்கள் ஏராளம். ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயி, தாதி என்று எல்லாத் தரப்பினரும் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்குப் போகிறார்கள். அவர்களுடைய வேர் வர்ஜீனியா, மேரிலாந்து, கரோலினா பக்கம் இருந்தால், தேடலின் ஏதோ ஒரு கட்டத்தில் முப்பாட்டனின் உயில் கைக்கு வந்து சேரும். நிலம் மூத்தவனுக்கு, குதிரைகள் இளையவனுக்கு, வெள்ளிப் பாத்திரங்கள் மகளுக்கு என்று அது வரிசையாக எழுதிக்கொண்டு போகும். அதே வரிசையில் ஒரு பெண்ணின் பெயரும் வரும். அவளும் அவளுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் இன்ன மகளைச் சேர வேண்டும் என்று எழுதியிருக்கும்.

தன் குலப் பெருமைக்காகத் தேடி வந்தவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார். குற்ற உணர்ச்சி உள்ளவர் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அந்தப் பெண்ணின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த உயிலாகவே இருக்கலாம். அவளுடைய கொள்ளுப்பேத்தியும் எங்கோ ஓர் ஊரில் இதே பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். உடையவன் குடும்பத்துக் கல்யாணம், சாவு, கடன், பாகப்பிரிவினை எல்லாம் தெரிந்தால்தான் அடிமைக் குடும்பம் எங்கெங்கே சிதறியது என்று கண்டுபிடிக்க முடியும். ஆகவே அடிமைகளை வைத்திருந்த மூதாதையின் குடும்பத்தைத் துருவித் தேடுவது இரண்டு குடும்பங்களுக்கும் செய்ய வேண்டிய வேலை. அதைத்தான் இன்று ஒரு குடும்பத்தின் கதையை வைத்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் இந்தத் தேடல் எங்கே முட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்களெல்லாம் எண்கள். 16 வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழ்ப்பட்டவர்கள், வெள்ளைப் பெண்கள், சுதந்திரமான பிறர், கடைசிப் பத்தியில் அடிமைகள். சுமார் 39 லட்சம் மக்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அந்தக் கடைசிப் பத்திக்குள் அடங்கினார்கள். வர்ஜீனியாவின் 1790 ஏடுகள் அழிந்துபோய்விட்டன. அங்கே 1780களின் வரிப் பட்டியல்களைத்தான் நம்ப வேண்டும். 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எடுத்தார்கள். அதிலும் உடையவன் பெயர் மேலே, அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். உள்நாட்டுப் போர் முடிந்து, 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் பெயரோடும் ஊரோடும் எழுதப்பட்டார்கள். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் தன் குடும்பத்தைப் பின்னோக்கித் தேடினால் பெரும்பாலும் 1870இல் சுவரில் முட்டி நிற்பார். அதற்கு முந்தைய காலத்துக்குள் போக ஒரே வாசல் உடையவனின் பெயர்.

அதற்கும் முந்தைய காலத்தில் நிலப் பத்திரங்கள் கைகொடுக்கும். கடல்தாண்டி ஓர் ஆளைத் தன் செலவில் கொண்டுவந்து சேர்த்தவருக்கு வர்ஜீனியாவில் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். நிலம் கேட்கிறவர் கொண்டுவந்த ஆட்களின் பெயர்களை எழுதிக்கொடுக்க வேண்டும். 1635இல் ஜார்ஜ் மெனிஃபீ என்பவர் கொடுத்த பட்டியலில் 'கிழக்கிந்தியன் டோனி' என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடிக்கல் விழுவதற்கு முன்பே ஓர் இந்தியர் வர்ஜீனியா மண்ணில் கால் வைத்திருக்கிறார். அவர் பெயர் தப்பியதற்குக் காரணம், அந்தப் பெயருக்கு 50 ஏக்கர் கிடைத்தது என்பதுதான்.

இனி அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். ஜான் வேல்ஸ் என்றொருவர். 1715இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்தவர். பெரிய குடும்பப் பின்னணி எதுவும் இல்லாமல் வர்ஜீனியாவுக்குப் போய் வழக்கறிஞரானார். பிரிஸ்டல் நகரத்து வணிக நிறுவனம் ஒன்றுக்காகத் தோட்ட முதலாளிகளிடம் கடன் வசூலித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்களின் சரக்கை விற்றுக்கொடுப்பதிலும் பங்கெடுத்தார். சரக்கு என்று நான் சொல்வது மனிதர்களை. 1746இல் எப்ஸ் என்ற செல்வக் குடும்பத்து மார்த்தாவை மணந்தார். பெண்ணோடு வந்த சொத்தில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எலிசபெத் ஹெமிங்ஸ், அப்போது பதினொரு வயதுச் சிறுமி. அவளுடைய தாய் ஆப்பிரிக்கப் பெண், தகப்பன் ஹெமிங்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் என்று அவளுடைய பேரன் பிற்காலத்தில் சொன்னான்.

மார்த்தா எப்ஸ் 1748இல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுச் சில நாட்களில் இறந்துபோனார். அந்தக் குழந்தைக்கும் மார்த்தா என்றே பெயர். வேல்ஸ் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு மனைவியரும் இறந்தார்கள். மூன்றாவது மனைவி 1761இல் காலமான பிறகு எலிசபெத் ஹெமிங்ஸ் ஆறு பிள்ளைகளைப் பெற்றாள்: ராபர்ட், ஜேம்ஸ், தீனியா, கிரிட்டா, பீட்டர், சாலி. இவர்களுக்குத் தகப்பன் ஜான் வேல்ஸ். கடைசிப் பெண் சாலி பிறந்த 1773ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் இறந்தார்.

இங்கே 1662ஆம் ஆண்டின் வர்ஜீனியச் சட்டம் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது அந்தச் சட்டம். ஆங்கிலேயரின் பொதுச் சட்டத்தில் பிள்ளை தகப்பனைச் சேரும். வர்ஜீனியா அதைத் தலைகீழாக்கியது. முதலாளி தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு வாரிசாகாது, அவனுடைய சொத்தாகும். வேல்ஸின் சட்டப்படியான பெண்களுக்கு இந்த ஆறு பேரும் தகப்பன்வழித் தம்பி தங்கைகள். பாகப்பிரிவினையில் அவர்களையே அந்தப் பெண்களில் மூத்தவளுக்குப் பங்காகக் கொடுத்தார்கள்.

வேல்ஸுக்கு நான்கு பெண்கள். மூத்தவள் மார்த்தா முதல் கணவனை இழந்து, 1772 ஜனவரி 1ஆம் தேதி ஓர் இளம் வழக்கறிஞரை மறுமணம் செய்துகொண்டாள். அவர் பெயர் தாமஸ் ஜெஃபர்சன், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். மற்ற மூவரில் ஒருத்தி தன் அக்காவின் தாய்வழி எப்ஸ் குடும்பத்துக்கே வாழ்க்கைப்பட்டாள். இருவர் ஸ்கிப்வித் குடும்பத்துக்குப் போனார்கள். மாமனார் விட்டுப்போனதில் சொத்தும் நிறைய, கடனும் நிறைய. கடன் அடைபடும் வரை சொத்தைப் பிரிக்காமல் வைத்திருந்திருக்கலாம். ஆனால் மருமகன்கள் பிரித்துக்கொண்டார்கள், அதனால் கடனும் ஆளாளுக்குச் சொந்தப் பொறுப்பானது. ஜெஃபர்சன் பங்குக்கு ஏறக்குறைய 11,000 ஏக்கரும் 135 மனிதர்களும் வந்தார்கள். ஒரே நாளில் அவருடைய அடிமைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் போனது.

வேல்ஸ் வாழ்ந்த சார்லஸ் சிட்டி கவுண்டியின் நீதிமன்ற ஏடுகள் உள்நாட்டுப் போரில் பெருமளவு பாழாகிவிட்டன. சாதாரணமாக இதோடு தேடல் நின்றுபோகும். ஜெஃபர்சனின் கைப்பழக்கம் நம்மைக் காப்பாற்றியது. அவர் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர். பண்ணைக் கணக்கு ஏடு என்று அவர் வைத்திருந்த ஏடு இன்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. அதன் படங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 1774 ஜனவரி 14 தேதியிட்ட பாகப்பிரிவினைப்படி, மனைவியின் உரிமையில் தமக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை அதில் எழுதியிருக்கிறார்.

அந்த ஏட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பொடி எழுத்து. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த ஆண்டு. தாயின் பெயர் முதலில், அதற்குக் கீழே சற்று உள்தள்ளிப் பிள்ளைகள். வேறு பக்கங்களில் யாருக்கு எந்த ஆண்டு கம்பளி கொடுத்தது, எத்தனை கெஜம் துணி, எவ்வளவு மீன் என்றெல்லாம் கணக்கு. கம்பளி இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற முறை இருந்ததால், அந்தப் பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தை எப்போது பட்டியலுக்குள் வந்தது, ஓர் ஆள் எப்போது காணாமல் போனார் என்று தெரியும். செலவைக் கட்டுப்படுத்த எழுதிய கணக்கு, இன்று ஹெமிங்ஸ் வம்சத்தாருக்குப் பிறப்புப் பதிவேடு. இதை எழுதியவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஏடு தப்பிப் பிழைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சாலியின் பிள்ளைகளும் அந்த ஏட்டில் இருக்கிறார்கள்: பெவர்லி 1798, ஹேரியட் 1801, மேடிசன் 1805, ஈஸ்டன் 1808. தாயின் பெயர் உண்டு, தகப்பன் பெயர் இல்லை. பெவர்லி, ஹேரியட் இருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர்கள் ஓடிப்போனதாகவும் ஆண்டு 1822 என்றும் குறிப்பு இருக்கிறது. இதை மட்டும் படித்தால் இருவரும் தப்பி ஓடியதாகத்தான் நினைப்போம். ஆனால் ஜெஃபர்சனிடம் மேற்பார்வையாளராக இருந்த எட்மண்ட் பேகன் முதுமையில் சொன்ன நினைவுகள் 1862இல் அச்சாயின. ஹேரியட்டுக்கு ஐம்பது டாலர் கொடுத்து, பிலடெல்பியா போகக் கோச்சு வண்டிக்கும் பணம் கட்டச் சொன்னது ஜெஃபர்சனே என்கிறார் அவர். ஏட்டில் ஓட்டம், நினைவில் வழியனுப்புதல். ஒரே ஆவணத்தை நம்பிக் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஓர் இடத்தை மறக்கக்கூடாது.

வேல்ஸ் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு வருவோம். ஜெஃபர்சனின் இளைய மகள் மரியா 1797இல் தன் சித்தி மகன் ஜான் வேல்ஸ் எப்ஸை மணந்தாள். நம் முறைப்படி பார்த்தால் அண்ணன் தங்கை. வர்ஜீனியாவின் பெரிய குடும்பங்களில் கொள்வினை கொடுப்பினை இப்படித்தான் இருந்தது, நிலம் கைமாறாமல் இருக்க வேண்டுமல்லவா. அந்தக் கல்யாணத்துக்குச் சீர்வரிசையாகப் போனவர்களில் பெட்சி என்ற பதின்வயதுப் பெண் ஒருத்தி. எலிசபெத் ஹெமிங்ஸுக்கு வேல்ஸின் பிள்ளைகளுக்கு முன்பே பிறந்த மூத்த மகள் மேரியின் பெண் அவள். மரியா சில ஆண்டுகளில் இறந்துபோக, பெட்சி எப்ஸ் குடும்பத்தோடு பக்கிங்காம் கவுண்டிக்குப் போனாள். அந்தக் கவுண்டியின் நீதிமன்றத்துக்கு வரைபடம் போட்டவர் ஜெஃபர்சன். 1869இல் அது எரிந்து, ஏடுகளும் சாம்பலாயின. உடையவன் குடும்பத்துக் கல்யாணத் தேதியும் அவர்கள் குடிபெயர்ந்த ஊரும் தெரியாதவருக்குப் பெட்சி 1797இல் காற்றில் கரைந்துவிடுவாள். தெரிந்தவர் மில்புரூக் என்ற அந்தப் பண்ணைக்குப் போவார். ஜான் வேல்ஸ் எப்ஸ் புதைக்கப்பட்ட மண்ணில் பெட்சி ஹெமிங்ஸின் கல்லறைக் கல் நிற்கிறது. பெட்சி இறந்த ஆண்டு 1857.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாலியின் கடைசி மகன் ஈஸ்டன், ஜெஃபர்சனின் உயிலால் விடுதலை பெற்றவர். சில காலம் ஒஹாயோவில் இருந்துவிட்டு, 1852 வாக்கில் விஸ்கான்சினுக்குக் குடிபோனார். அங்கே ஈஸ்டன் ஜெஃபர்சன் என்ற பெயரில் குடும்பத்தோடு வெள்ளையராக வாழ்ந்தார். அவருடைய மூத்த மகன் உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் எட்டாவது விஸ்கான்சின் காலாட்படையில் கர்னலாக இருந்தார். அவர் பெயர் ஜான் வேல்ஸ் ஜெஃபர்சன். ஒரு கிளையில் ஜான் வேல்ஸ் எப்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர், தோட்ட முதலாளி. இன்னொரு கிளையில் ஜான் வேல்ஸ் ஜெஃபர்சன், அடிமையாகப் பிறந்தவரின் மகன். இருவருக்கும் ஒரே முன்னோரின் பெயர். வேல்ஸ் தகப்பன் என்று எந்த ஏடும் எழுதாததை, கொள்ளுப்பேரனுக்கு வைத்த பெயரில் ஒரு குடும்பம் எழுதி வைத்தது.

ஈஸ்டனின் அண்ணன் மேடிசன் கறுப்பினத்தவராகவே வாழ்ந்தார். ஒஹாயோவின் ராஸ் கவுண்டியில் தச்சு வேலையும் விவசாயமும் செய்தார். 1870 கணக்கெடுப்புக்கு வந்த வில்லியம் வீவர் என்ற அலுவலர், மேடிசனின் பெயருக்குப் பக்கத்தில் இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று குறித்துவிட்டுப் போனார். படிவத்தில் அப்படி எழுத இடமே கிடையாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1873இல் பைக் கவுண்டி ரிபப்ளிகன் என்ற சிற்றூர்ப் பத்திரிகையில் மேடிசனின் வாய்மொழி அச்சானது. பாட்டியின் கதை, வேல்ஸ், தாய் சாலி, பாரிஸ் நகரத்தில் இருந்த நாட்கள், தகப்பன் ஜெஃபர்சன், எல்லாவற்றையும் அவர் கோவையாகச் சொல்லியிருந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ஜெஃபர்சனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள் அவருடைய சகோதரியின் மகன்கள் மேல் பழியைப் போட்டுச் சொன்ன கதையை ஏற்றார்கள். அண்ணெட் கோர்டன்-ரீட் 1997இல் எழுதிய நூல், இரண்டு தரப்பின் சாட்சியத்தையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டியது. ஒரு தரப்புக் குடும்ப நினைவு என்றால் சான்று, இன்னொரு தரப்பு என்றால் வதந்தி என்று அதுவரை நடந்து வந்திருக்கிறது.

அடுத்த ஆண்டே, 1998இல், மரபணுச் சோதனை வந்தது. ஜெஃபர்சனின் சட்டப்படியான வம்சம் பெண்கள் வழியாகவே வந்தது. ஆகவே ஆண்வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமுக்காக அவருடைய சிற்றப்பா பெரியப்பா வழியில் ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண் வாரிசுகளைத் தேடினார்கள். ஈஸ்டனின் ஆண்வழி வாரிசோடு அது பொருந்தியது. பழி சுமந்த அந்தச் சகோதரி மகன்களான கார் சகோதரர்களின் வழியோடு பொருந்தவில்லை. சோதனை சொன்னது ஒரு ஜெஃபர்சன் ஆண் என்பதுவரைதான். மீதியை ஏடுகள் சொல்லின. சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் கருவான காலத்தில் அடிக்கடி வெளியூர் போகிற ஜெஃபர்சன் தம் பண்ணை வீடான மான்டிசெல்லோவில் இருந்தார் என்பது அவரே எழுதிய கணக்குகளிலிருந்து தெரிகிறது. வேல்ஸ் விஷயத்தில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அவருக்குச் சட்டப்படி ஆண் பிள்ளை கிடையாது. அங்கே மேடிசனின் வாய்மொழியும், மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்த ஐசக் கிரேஞ்சர் 1847இல் சொன்ன நினைவுகளும்தான் ஆதாரம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எனக்கு அது போதும்.

கடைசியாக மேரி ஹெமிங்ஸ். பெட்சியின் தாய், சாலியின் மூத்த அக்கா. அவர் சார்லட்ஸ்வில்லில் தாமஸ் பெல் என்ற வணிகரிடம் குத்தகைக்கு விடப்பட்டு, அவரோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகள் பெற்றார். தன்னை அவருக்கே விற்றுவிடும்படி மேரியே கேட்டார். 1792இல் ஜெஃபர்சன் மேரியையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் விற்றார். முந்தைய பிள்ளைகள் ஜோவையும் பெட்சியையும் விற்கவில்லை. பெட்சி போன இடத்தைச் சொல்லிவிட்டேன். ஜோ ஃபாசெட் மான்டிசெல்லோவின் கொல்லராக வளர்ந்தார். அதிபர் மாளிகையில் சமையல் பழகிய ஈடித்தை மணந்தார்.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4ஆம் தேதி இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. ஜோ அதில் ஒருவர். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. 1827 ஜனவரியில் 130 பேரை ஏலம் விடுவதாக விளம்பரம் வந்தது. ஈடித்தையும் கடைக்குட்டிகள் இருவரையும் மேரியின் மருமகன் ஏலத்தில் எடுத்தார். 1792இல் விற்கப்பட்ட மேரிக்குப் பெல்லின் சொத்தில் பங்கு இருந்தது. அந்தக் குடும்பத்துக் காசுதான் பேரப்பிள்ளைகளை மீட்டது. மற்றப் பிள்ளைகள் வேறு வேறு ஆட்களிடம் போனார்கள்.

இதற்குப் பின் வரும் ஏடுகளில் ஜோ ஃபாசெட் அடிமைகளின் உடைமையாளராக இருக்கிறார். அவருக்குச் சொந்தம் அவருடைய மனைவியும் பிள்ளைகளும். 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி, விடுதலை பெற்றவர் சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும். உயிலில் விடுவித்த ஐவருக்கும் அந்த அனுமதியைத் தரும்படி ஜெஃபர்சன் சட்டமன்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈடித்துக்காகக் கேட்க யாரும் இல்லை. பிரியாமல் இருக்க வேண்டுமானால் கணவனே உடையவனாக இருந்தாக வேண்டும். 1837இல் ஜோ ஒரு பத்திரம் பதிவு செய்து, மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் நான்கு பேரப்பிள்ளைகளையும் விடுதலை செய்தார். பிறகு குடும்பம் ஒஹாயோவுக்குப் போனது. தன் மூதாதையின் பெயரை அடிமை உடைமையாளர் என்ற தலைப்பின்கீழ் பார்க்கிறவர், அவனுக்குக் கீழே இருக்கும் பெயர்கள் யார் என்று பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

அந்தப் பத்திரத்தில் மகன் பீட்டரின் பெயர் இல்லை. ஏலத்தில் நின்றபோது அவனுக்குப் பதினொரு வயது. வாங்கியவர் பெயர் ஜான் ஜோன்ஸ். திருப்பி விற்க அவர் மறுத்துவிட்டார். பீட்டர் இரண்டு முறை ஓடிப் பிடிபட்டு, 1850இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோதுதான் உறவினர்களும் நண்பர்களும் பணம் திரட்டி மீட்டார்கள். சின்சினாட்டியில் அவர் பெயர்பெற்ற விருந்துச் சமையல்காரராகவும் பாப்டிஸ்ட் போதகராகவும் விளங்கினார். 1898இல் ஒரு நியூயார்க் பத்திரிகைக்குத் தன் வாழ்க்கையைச் சொன்னார். 1827க்கும் 1850க்கும் நடுவில் உள்ள அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய வாரிசுகள் தேட வேண்டியது ஃபாசெட் என்ற பெயரை அல்ல, ஜோன்ஸ் என்ற பெயரை. ஜோன்ஸின் வரிப் பட்டியல், ஜோன்ஸின் கடன் பத்திரங்கள், ஜோன்ஸ் வீட்டுக் கடிதங்கள். அப்படிப்பட்ட காகிதங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பிரதி எடுத்து அந்தந்தக் கவுண்டி நூலகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று, அமெரிக்காவில் இந்த வேலையில் ஈடுபட்டவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் அங்கே உறவும் நட்பும் உள்ளவர்கள் இருந்தால், நீங்களும் கேளுங்கள்.